தொட்டாத் திறக்கணும் கண்ணு: கட்டட வேலைப் பிள்ளைங்களுக்கு அக்காவோட பேட்ஜ் டிப்ஸ்

சிவில் முடிச்ச பிள்ளைங்க அனுப்புற ரெஸ்யூம்ல இப்பெல்லாம் அடியில வரிசையா வட்டமும் அறுகோணமுமா கலர் படங்க இருக்குது. ரெவிட் மென்பொருளுக்கு ஒண்ணு, சைட் பாதுகாப்புக்கு ஒண்ணு, பசுமைக் கட்டடத்துக்கு ஒண்ணு. ஆள் எடுக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்து அதையெல்லாம் பாக்கிறவ நான். படத்தைத் தொட்டுப் பாப்பேன். நிறைய நேரம் ஒண்ணும் திறக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருப்பாங்க. ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சு, பணம் கட்டிப் பரீட்சை எழுதி வாங்கினதாத்தான் இருக்கும். ஆனா அதை நான் தெரிஞ்சுக்க வழியே இருக்காது. பக்கத்துல கிடக்கிற இன்னொரு ரெஸ்யூம்ல ஒரே ஒரு லிங்க் இருந்து அது சரியாத் திறந்தா, கை தன்னால அந்தப் பக்கம் போயிருது. அதுக்கு என் மனசு கேக்கல.

பனமரத்துப்பட்டி, மல்லூர், நிலவாரப்பட்டிப் பக்கமிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் கடல் தாண்டியும் கட்டட வேலைக்குப் போற தம்பி தங்கச்சிங்க நிறைய. அப்பா அம்மா விடியறதுக்கு முன்னால அரளித் தோட்டத்துல மொட்டுப் பறிச்சு வித்த காசுல படிச்ச பிள்ளைங்க. உங்க உழைப்புல ஒரு துளியும் கண்ணுக்குத் தெரியாமப் போயிரக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன்.

பேட்ஜுக்குள்ள என்ன இருக்குது

டிஜிட்டல் பேட்ஜ்ங்கிற படக் கோப்போட விவரமும் சேர்ந்தே இருக்குது. யாருக்குக் கொடுத்தாங்க, யாரு கொடுத்தாங்க, என்ன செஞ்சவங்களுக்குக் கொடுப்பாங்க, என்னைக்குக் கொடுத்தாங்க, என்னைக்குக் கெடு முடியுது, எல்லாமே. ஃபயர்பாக்ஸ் பிரவுசர் போடுற மோசில்லா அமைப்பு 2011-ல, அமெரிக்காவோட மெக்ஆர்தர் அறக்கட்டளை உதவியோட, 'ஓப்பன் பேட்ஜஸ்'னு இதை ஆரம்பிச்சுது. எந்த நிறுவனம் கொடுத்தாலும் எல்லாரும் ஒரே முறையில படிச்சுப் பாக்க முடியணும்ங்கிறதுதான் நோக்கம். 2017-ல அந்தப் பொறுப்பு ஐஎம்எஸ் குளோபல்ங்கிற அமைப்புக்குப் போச்சு. இப்ப அதோட பேரு ஒன்எட்டெக். புதுசா வந்திருக்கிற பதிப்புல கொடுத்தவங்களோட டிஜிட்டல் கையெழுத்தும் உள்ளயே இருக்கும். பேர்ல ஒரு எழுத்தை மாத்தினாக்கூட சரிபாக்கும்போது மாட்டிக்கும்.

நகைக்கடையில இப்ப ஹால்மார்க் நம்பர் பாத்து வாங்குறோமில்ல? 2023 ஏப்ரல் 1-லருந்து தங்க நகையில ஆறு இலக்கக் குறியீடு இல்லாம விக்கக் கூடாதுன்னு வந்துருச்சு. அந்தக் குறியீட்டை பிஐஎஸ் கேர் ஆப்புல போட்டா, எந்தக் கடைக்காரர், எந்த மையத்துல சோதிச்சாங்க, எத்தனை கேரட்னு காட்டிரும். கடைக்காரர் வாய்ப்பேச்சை நம்ப வேண்டிய அவசியமில்ல. பேட்ஜோட வேலையும் அதேதான். உன்னைத் தெரியாத ஒருத்தர், உன்கிட்டக் கேக்காமயே, கொடுத்தவங்களோட இணையப் பக்கத்துல போய்ச் சரிபாத்துக்கணும். அதுக்கு இடம் கொடுக்காத பேட்ஜ் வெறும் கலர் படம்தான்.

நம்ம தொழில்ல இது எங்கெல்லாம் வருது? திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி தேர்வு நடத்துற பிஎம்ஐ, ரெவிட், ஆட்டோகேட் போடுற ஆட்டோடெஸ்க் எல்லாம் கிரெட்லிங்கிற தளம் வழியா பேட்ஜ் கொடுக்கிறாங்க. அந்தத் தளத்தை 2022-ல பியர்சன் நிறுவனம் வாங்கிருச்சு. நம்ம நாட்டுல 2023 செப்டம்பர்ல மத்திய அரசு 'ஸ்கில் இந்தியா டிஜிட்டல்'னு ஒரு தளம் ஆரம்பிச்சுது. அதுல சரிபாக்கக்கூடிய டிஜிட்டல் சான்றிதழும், கியூஆர் கோடு வெச்ச டிஜிட்டல் ரெஸ்யூமும் கிடைக்குது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுறவருக்கும் அது உண்டு. பேட்ஜ்னா இன்ஜினியருக்கு மட்டும்னு யாராச்சும் சொன்னா நம்பாதே.

முதல்ல பேரு, அப்பறம்தான் பரீட்சை

நம்ம பிள்ளைங்க அதிகமா மாட்டிக்கிறது இங்கதான். பாடத்துல இல்ல கண்ணு, பேர்ல.

உன் பேரு கவிதா, அப்பா பேரு செல்வம்னு வெச்சுக்க. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டுல 'கவிதா எஸ்'. ஆதார்ல 'எஸ் கவிதா'. பாஸ்போர்ட்ல பேர் கட்டத்துல கவிதா, குடும்பப் பேர் கட்டத்துல செல்வம். வெளிநாட்டுத் தளத்துல பதியும்போது முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம் வரும். கடைசிப் பேரை நிரப்பாம மேல போக விடாது. அவசரத்துல ஒருத்தி 'எஸ்'னு போடுவா, ஒருத்தி ஒரு புள்ளி மட்டும் வெப்பா, இன்னொருத்தி ஊர்ப் பேரைப் போட்டுருவா. பேட்ஜ் அப்படியே வந்து நிக்கும். பேட்ஜ்ல ஒரு பேரு, டிகிரியில ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னா, சரிபாக்கிறவருக்கு மூணும் மூணு ஆளு.

இன்னும் மோசம், பரீட்சை ஹால்லயே திருப்பி அனுப்பிருவாங்க. பெரிய சான்றிதழ்த் தேர்வுங்க எல்லாத்துலயும் நீ பதிஞ்ச பேரும் காட்டுற அரசு அடையாள அட்டையில இருக்கிற பேரும் ஒத்துப் போகணும். இனிஷியல்தானேன்னு சொன்னா அங்க எடுபடாது. கட்டின பணமும் திரும்பாது.

அதனால முதல் வேலை இது. மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூணையும் தரையில பரப்பி வெச்சு எழுத்துக்கு எழுத்துப் படி. பாஸ்போர்ட் இருந்தா அதுதான் தலைமை. அதுல எப்படி இருக்குதோ அப்படியே எல்லா இடத்துலயும் போடு. பாஸ்போர்ட் இல்லைன்னா, எடுக்கும்போதே இனிஷியலை விரிச்சு, அப்பா பேரையோ அம்மா பேரையோ முழுசாப் போட்டு எடு. குடும்பப் பேர்க் கட்டத்தைக் காலியா விட்டுராதே. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருக்கிறவங்க சுற்றுலா விசாவுல வர முடியாதுன்னு சொன்னப்ப, நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்குத்தான் அந்தச் செய்தி பெரிசா இருந்துது. நம்மள்ல எத்தனை பேருக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு இருக்குது?

தங்கச்சிங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. கல்யாணம் ஆனதும் வீட்டுல பெரியவங்க, "இனி உனக்கு வீட்டுக்காரர் இனிஷியல்தானே"ன்னு ரேஷன் கார்டுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மாத்துவாங்க. மாத்தியே ஆகணும்னு சட்டம் எதுவும் கிடையாது. டிகிரி ஒரு பேர்லயும் அதுக்கப்பறம் வாங்கின பேட்ஜ் எல்லாம் வேற பேர்லயும் போயிருச்சுன்னா, வருஷக்கணக்கா நீ சேர்த்த அனுபவம் ரெண்டு பொம்பளைங்க பேர்ல பிரிஞ்சு கிடக்கும். சான்றிதழ் எல்லாம் ஒரே பேர்ல ஓடட்டும். இதை வீட்டுல மரியாதையா, ஆனா உறுதியா சொல்லிரு. ஏற்கனவே மாத்தியாச்சுன்னா கல்யாணப் பதிவுச் சான்றிதழைப் பத்திரமா ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிட்டு, பேட்ஜ் கொடுத்த அமைப்புக்கு மெயில் போட்டுப் பேரை மாத்தித் தரச் சொல்லிக் கேளு. ஆதாரத்தைக் காட்டிக் கேக்கிறதுக்கு எல்லாப் பெரிய அமைப்புலயும் வழி இருக்குது. கேக்க வெக்கப்படாதே.

மெயில் ஐடி உன்னோடதா இருக்கணும்

கட்டட வேலையில வீட்டுச் சாவியை யார்கிட்டக் கொடுக்கிறோம்னு எவ்வளவு கவனமா இருப்போம். மெயில் ஐடியில அந்தக் கவனம் யாருக்கும் இல்ல. காலேஜ் கொடுத்த மெயில்ல பேட்ஜ் வாங்கியிருப்பாங்க. படிப்பு முடிஞ்சு கொஞ்ச நாள்ல அந்த மெயிலை மூடிருவாங்க. இல்லைன்னா நெட் சென்டர் அண்ணன் தன்னோட மெயிலைப் போட்டுப் பதிஞ்சு கொடுத்திருப்பார். ஒரு பிள்ளைக்குப் பயிற்சி நிலையமே ஒரு மெயிலை உண்டாக்கி, பாஸ்வேர்டைத் தன்கிட்ட வெச்சுக்கிட்ட கதையும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வேற ஊருக்கு வேலைக்குப் போனப்பறம் பாஸ்வேர்டுக்காகப் போன் மேல போன் போட்டுக்கிட்டு இருந்துது.

உன் சொந்தப் பேர்ல, வாழ்க்கை முழுக்க வெச்சுக்கிற மாதிரி ஒரு மெயில் ஐடி வெச்சுக்க. செல்லப் பேரு, நடிகர் பேரு எல்லாம் வேணாம். கிரெட்லி மாதிரி தளத்துல ஒரே கணக்குல ரெண்டு மூணு மெயில் சேர்க்கலாம். காலேஜ் மெயில்ல ஏற்கனவே வாங்கியிருந்தா, அது மூடுறதுக்கு முன்னாலயே உள்ள போய் சொந்த மெயிலைச் சேர்த்துரு. இறுதியாண்டு படிக்கிறவங்க இதை இந்த வாரமே செய்யணும்.

அப்பறம், பேட்ஜ் வந்துருச்சுன்னு மெயில் வந்தா அதைத் திறந்து ஏத்துக்கணும். நம்ம ஆளுங்க பாஸ் ஆனதோட நிறுத்திக்கிறாங்க. ஏத்துக்கலைன்னா அது உன் பக்கத்துக்கு வராது, அங்கயே தொங்கிக்கிட்டு இருக்கும். ஸ்பேம்லயும் தேடிப் பாரு. ஏத்துக்கிட்டதும் எல்லாரும் பாக்கலாம்ங்கிற அமைப்பு இருக்குதான்னு பாத்துக்க. அடைச்சு வெச்ச பேட்ஜ் மத்தவங்களுக்குத் திறக்காது.

எதுக்குப் பணம் கட்டலாம், எதுக்கு வேணாம்

இப்ப மூணு மணி நேர வெபினாருக்கும் பேட்ஜ் கொடுக்கிறாங்க. வந்து உக்காந்ததுக்கு ஒண்ணு, பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினதுக்கு ஒண்ணு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி பளபளன்னுதான் இருக்கும். வித்தியாசம் தெரியணும்னா பேட்ஜ் பக்கத்துல, எப்படிக் கிடைச்சுதுன்னு எழுதியிருக்கிற பகுதியைப் படி. 'கலந்துகொண்டார்'னு இருந்தா அது வருகைப் பதிவு. தேர்வு, செய்முறை, இத்தனை மணி நேரம்னு இருந்தா அதுக்கு மதிப்பு இருக்குது. பத்து வருகைப் பதிவுக்கு நடுவுல ஒரு நல்ல சான்றிதழைப் போட்டு மறைச்சுராதே. ரெஸ்யூம்ல மூணே மூணு இருக்கட்டும், மூணும் கனமா இருக்கட்டும்.

படிப்பு முடிச்ச கையோட சைட்டுக்குப் போற பிள்ளையா இருந்தா, முதல் கொஞ்ச காலம் கம்பி அட்டவணை படிக்கவும், லெவல் பாக்கவும், காங்கிரீட் கியூப் எடுக்கவும் ஒழுங்கா கத்துக்க. பேட்ஜ் அதுக்கு மேல கட்டுற மாடிதான். அந்த நேரத்துல பணம் கட்டணும்னா ரெவிட் மாதிரி மென்பொருள் சான்றிதழுக்குக் கட்டலாம். கட்டடத்தைக் கணினியில மாதிரியா உண்டாக்குற பிம் வேலை தெரிஞ்சவங்களுக்கு ஊரை விட்டுப் போகாமயே வேலை கிடைக்க வாய்ப்பு இருக்குது. குழந்தை பிறந்தப்பறம் சைட்டுக்குப் போக முடியாம வீட்டுல உக்காந்துட்ட தங்கச்சிங்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். காலேஜ்ல படிக்கும்போதே, 2022 மார்ச்சுல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல என்னென்ன பாடம் இருக்குதுன்னு பாத்துரு. காசில்லாமக் கிடைக்கிறதை விட்டுட்டு வெளிய பணம் கட்டாதே.

பசுமைக் கட்டடத்துல ஆசை இருந்தா ஹைதராபாத்துல இருக்கிற ஐஜிபிசி நடத்துற தேர்வு இருக்குது, அமெரிக்காவோட லீட் தேர்வு இருக்குது. 2004 ஜூலையில நம்ம அப்துல் கலாம் ஐயா குடியரசுத் தலைவரா இருந்தப்ப ஹைதராபாத்துல திறந்து வெச்சாரே, இந்தியத் தொழில் கூட்டமைப்பு சிஐஐ-யோட பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளிய லீட் பிளாட்டினம் வாங்கின முதல் கட்டடம் அதுதான். அங்கிருந்துதான் இந்த வேலை நம்ம நாட்டுல வளந்துது. ஆனா நீ வேலை செய்யப் போற கம்பெனி தனி வீடுதான் கட்டுதுன்னா, இந்த பேட்ஜ் கொஞ்சம் காத்திருக்கலாம்.

பிஎம்பி அனுபவசாலிங்களுக்கானது. டிகிரி படிச்சவங்களுக்கு, திட்டத்தை முன்னின்னு நடத்தின 36 மாச அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் இருந்தாத்தான் எழுதவே விடுவாங்க. கல்லூரி முடிச்சதும் பிஎம்பி வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொன்னா, அங்கயே எந்திரிச்சு வந்துரு.

இன்னொண்ணு. பேட்ஜ் எத்தனை இருந்தாலும் பிளான்ல கையெழுத்துப் போடுற அதிகாரம் அது கொடுக்காது. தமிழ்நாட்டுல 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள்படி பதிவு பெற்ற பொறியாளரா இருக்கணும். அந்தப் பதிவு வேற, பேட்ஜ் வேற. வீடு கட்டுறவங்ககிட்ட இதைக் கலந்து பேசாதே.

நகையை அடகு வெச்சு எந்தச் சான்றிதழுக்கும் பணம் கட்ட வேணாம். நீ போக நினைக்கிற வேலைக்கான விளம்பரத்தை ஒரு மாசம் படி. அதுல திரும்பத் திரும்ப எந்தச் சான்றிதழ் பேரு வருதோ அதுக்கு மட்டும் கட்டு. வேலையில இருக்கிறவங்க கம்பெனியிலயே கேளு. பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனிங்க இருக்குது, ஆனா கேட்டாத்தான் சொல்வாங்க.

காட்டுற விதம்

ரெஸ்யூமை பிடிஎஃப்பா மாத்தினப்பறம் உன் பேட்ஜ் லிங்க்கைத் தொட்டுப் பாரு. உன் போன்ல திறந்தா பத்தாது, அதுல நீ ஏற்கனவே உள்ள இருப்ப. அண்ணன் போன்லயோ தோழி போன்லயோ திறந்து பாரு. அங்கயும் உன் பேரு, தேதி, கொடுத்த அமைப்பு மூணும் தெரிஞ்சா சரி. வாட்ஸ்அப்புல அனுப்பச் சொன்னா போட்டோ அனுப்பாதே, லிங்க்கை அனுப்பு. லிங்க்டின்ல உரிமம், சான்றிதழ்ங்கிற பகுதியில லிங்க்குக்குனு தனிக் கட்டமே இருக்குது, அதை நிரப்பு.

சேலத்துல நேர்ல பேப்பர் கேக்கிற பில்டருங்க இன்னும் நிறைய. அவங்களுக்கு பிரின்ட்டுல லிங்க்கோட கியூஆர் கோடைப் போட்டுக் கொடு. கட்டை விரல் நகத்தை விடப் பெரிசா, கறுப்பு வெள்ளையில இருக்கணும். ஜெராக்ஸ் எடுத்தப்பறமும் ஸ்கேன் ஆகுதான்னு பாத்துரு, ஏன்னா அவங்க கையில போறது பல நேரம் ஜெராக்ஸோட ஜெராக்ஸ்தான். லேமினேஷன் போட்டா லைட் வெளிச்சத்துல பளிச்சிட்டு ஸ்கேன் தகராறு பண்ணும், அதனால போடாம வெச்சுக்க.

டிஜிலாக்கர் பத்தி ஒண்ணு. அதுல ரெண்டு பகுதி இருக்குது. வழங்கின துறையே நேரா அனுப்பி வெச்சது ஒண்ணு, நீயே போட்டோ எடுத்து ஏத்தினது ஒண்ணு. 2015-ல டிஜிலாக்கர் வந்துது. துறை நேரா வழங்கின ஆவணம் அசலுக்குச் சமம்னு 2017-ல விதியே போட்டாங்க. நீயா ஏத்தினதுக்கு அந்த மதிப்பு கிடையாது, அது உன் பீரோவுல வெச்ச நகல் மாதிரிதான். டிகிரியோ அரசுத் திறன் சான்றிதழோ வழங்கின பகுதியில வருதான்னு தேடிப் பாரு.

தளத்தையும் கண்ணை மூடி நம்பிராதே. மோசில்லாவே தன் பேட்ஜ் பெட்டகத்தை 2019-ல மூடி, பேட்ஜர்ங்கிற வேற தளத்துக்கு எல்லாத்தையும் மாத்துச்சு. தளம் கை மாறும், பேரு மாறும். பேட்ஜ் படத்தையும் சான்றிதழ் பிடிஎஃப்பையும் இறக்கி, மெயில்ல உனக்கு நீயே அனுப்பி வெச்சுக்க.

கெடு தேதி

நிறைய பேட்ஜுக்கு ஆயுசு உண்டு. பிஎம்பிக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 60 புள்ளி சேர்க்கணும். லீட் கிரீன் அசோசியேட்னா ரெண்டு வருஷத்துல 15 மணி நேரம் தொடர்கல்வி, அதுக்கு மேல்படியான லீட் ஏபிக்கு 30 மணி நேரம். பணியிடப் பாதுகாப்புக்கான நெபோஷோட சர்வதேசப் பொதுச் சான்றிதழுக்குக் கெடு கிடையாது, அது ஆறுதல். கெடு தாண்டினா பேட்ஜோட பக்கத்துலயே காலாவதின்னு காட்டிரும். காலாவதியான பேட்ஜை ரெஸ்யூம்ல வெச்சிருக்கிறது, அது இல்லாம இருக்கிறதை விட மோசமான பேரை வாங்கித் தரும். பேட்ஜ் வந்த அன்னைக்கே போன் காலண்டர்ல, கெடுவுக்கு ஆறு மாசம் முன்னால ஒரு நினைவூட்டல் போட்டுரு.

ஏமாத்துக்காரங்க

கியூஆர் கோடு இருந்தா உண்மைன்னு ஆகிராது. கியூஆர் யார் வேணா நிமிஷத்துல உண்டாக்கலாம். அது எங்க கொண்டு போகுதுங்கிறதுதான் கேள்வி. ஸ்கேன் பண்ணினா கூகுள் டிரைவ்ல ஒரு பிடிஎஃப் திறந்தா, அது சரிபார்ப்பே இல்ல, ஒருத்தர் போட்டு வெச்ச படம். மேல இருக்கிற முகவரியை எழுத்துக் கூட்டிப் படி. கொடுத்த அமைப்போட சொந்தத் தளமா, தெரிஞ்ச பேட்ஜ் தளமா இருக்கணும். பேர்ல ஒரு எழுத்து கூட்டியோ குறைச்சோ வெச்ச போலித் தளமும் இருக்கும். லிங்க்கைத் தொடாம, அமைப்போட தளத்துக்கு நீயே தனியாப் போய், அங்க இருக்கிற சரிபார்ப்புப் பக்கத்துல உன் எண்ணைப் போட்டுப் பாக்கிறது இன்னும் நல்லது.

"பரீட்சை எழுத வேணாம், ஆதார் நகல் மட்டும் கொடு"ன்னு சொல்ற இடத்துல கால் வெக்காதே. பாதுகாப்புச் சான்றிதழ்ல இது நடந்தா அது வெறும் பணப் பிரச்சினை இல்ல கண்ணு. சாரம் சரியாக் கட்டியிருக்குதான்னு பாக்கத் தெரியாத ஒருத்தர் பாதுகாப்பு அதிகாரின்னு கையெழுத்துப் போட்டா, மேல ஏறி நிக்கிறவங்க உயிர் அந்தக் கையெழுத்துல தொங்குது.

கடல் தாண்டிப் போறவங்க

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் அளவுக்கு இல்லைன்னாலும் நம்ம பக்கமிருந்தும் டெஸ்ட் அடிச்சு, அதாவது திறன் தேர்வு பாஸ் பண்ணி, சிங்கப்பூர் போறவங்க இருக்காங்க. சிங்கப்பூர்ல வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி மாசா மாசம் அரசுக்கு லெவி கட்டணும். கட்டட வேலையில நம்ம ஆளுங்களுக்கு 2024 ஜனவரியிலருந்து, மேல்திறன் ஆள்னா 500 வெள்ளி, அடிப்படைத் திறன்னா 900 வெள்ளி. உன் திறன் காகிதத்துல நிரூபணமானா முதலாளிக்கு மாசம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் பேசும்போது இந்தக் கணக்கு உன் தலையில இருக்கணும். ஊர்ல அடிக்கிற டெஸ்ட் அடிப்படைப் படிதான். அங்க போனப்பறம் மேல்திறனுக்கு என்னென்ன வேணும்னு கேட்டு, ஒவ்வொரு சான்றிதழையும் உன் கைக்கு வாங்கி வெச்சுக்க. கம்பெனி பீரோவுல மட்டும் இருக்கக் கூடாது.

சவூதிக்குப் போற பிளம்பர், எலக்ட்ரீசியன், வெல்டருங்களுக்கு, 2021-ல அந்த நாடு ஆரம்பிச்ச திறன் சரிபார்ப்புத் திட்டத்துல இங்கயே தேர்வு வெக்கிறாங்க. பிரிட்டன்ல 1995-லருந்து கட்டடத் தொழிலாளிங்களுக்கு சிஎஸ்சிஎஸ் கார்டு இருக்குது, சைட் வாசல்லயே போனை வெச்சு அதைச் சரிபாக்க முடியும். எங்க போனாலும், ஆளைப் பாத்து நம்புற காலம் போய் ஸ்கேன் பண்ணிப் பாக்கிற காலம் வந்துருச்சு.

வீட்டுல இருக்கிற கைகாரங்க

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமானது. நம்ம ஊர்ல கலவை போட்டு, செங்கல் சுமந்து, மேஸ்திரி இல்லாத நேரத்துல தானே கரண்டி எடுத்துப் பூசி முடிக்கிற சித்தாள் அக்காங்க எத்தனை பேர். பூச்சு வேலை, டைல்ஸ் இடுக்கு அடைக்கிறது எல்லாம் கை அறிஞ்ச வேலை. ஆனா கூலி மட்டும் சித்தாள் கூலி, வயசானாலும் பேரு சித்தாள்தான். அவங்க கைக்குத் தெரிஞ்சதைச் சோதிச்சுப் பாத்துச் சான்றிதழ் கொடுக்கிற வழி மத்திய அரசோட கௌசல் விகாஸ் திட்டத்துல இருக்குது. முன்கற்றலை அங்கீகரிக்கிறதுன்னு அதைச் சொல்வாங்க. வருஷக்கணக்காப் படிக்க வேணாம். சின்னப் பயிற்சி, அப்பறம் செய்துகாட்டுற தேர்வு, பாஸ் ஆனா கியூஆர் கோடோட சான்றிதழ். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணினவங்களுக்குத் தமிழ்நாடு அரசு, தையூர்ல இருக்கிற கட்டுமானக் கழகப் பயிற்சி நிலையத்துலயும், காஞ்சிபுரத்துப் பக்கம் எல் அண்ட் டி-யோட பயிற்சி நிலையத்துலயும் பயிற்சி அறிவிச்சிருக்குது. சேலத்துல தொழிலாளர் நல அலுவலகத்துல போய், அடுத்த பயிற்சி எப்பன்னு கேளு.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதே. வாரிய அட்டை நலத்திட்டத்துக்கானது. பிள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்து நேர்ந்தா உதவிக்கு. அது கட்டாயம் இருக்கணும், புதுப்பிக்கணும். ஆனா கொத்தனார் வேலை தெரியும்ங்கிறதுக்கு அது சாட்சி ஆகாது. திறன் சான்றிதழ் தனி.

இந்தக் காரியத்தை அந்த அக்காங்க தனியா செய்யச் சிரமம். படிச்ச நீதான் ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவையோ அத்தையையோ பக்கத்துல உக்கார வெச்சுச் செய்யணும். ஸ்கில் இந்தியா தளத்துலயும் டிஜிலாக்கர்லயும் ஆதாரைச் சரிபாக்கும்போது, ஆதார்ல இருக்கிற போன் நம்பருக்குத்தான் ஓடிபி வரும். நம்ம வீடுங்கள்ல அம்மா ஆதார்ல பையன் நம்பர் இருக்கும், அந்தப் பையன் துபாய்ல இருப்பான். இல்லைன்னா ரீசார்ஜ் பண்ணாம செத்துப்போன நம்பரா இருக்கும். அதனால முதல்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆதார் மையத்துக்குப் போய், அவங்க கையில இருக்கிற போன் நம்பரைப் பதிஞ்சுட்டு வா. பேரோட எழுத்தையும் அப்பவே பாத்துரு.